நிழலுக்குப் பெயர் சூட்டிய கதை

எர்த்ஸீ என்னும் தீவுக்கூட்டம் முதன்முதலில் வரையப்பட்டது, கசாப்புக் கடைகளில் இறைச்சி பொதிந்து கொடுக்கும் முரட்டுத் தாளில்தான். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், மூன்று பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த வீடு அது. பிள்ளைகள் படம் வரைந்து தள்ளுவதற்காக அந்தத் தாள் சுருளாகவே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பெரிய துண்டை விரித்துப்போட்டுக்கொண்டு, எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் கடலையும் கடல் நடுவே நூற்றுக்கணக்கான தீவுகளையும் வரைந்தார். ஒவ்வொரு தீவுக்கும் பெயர் வைத்தார். அவற்றுள் மூன்று சிறு தீவுகளுக்குத் தம் பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்தில் கூப்பிட்ட செல்லப்பெயர்களையே வைத்துவிட்டதாகப் பின்னாளில் ஒரு கட்டுரையில் நினைவுகூர்ந்தார். கதை இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆனால் கதாநாயகன் எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்குப் படகு விடலாம், வழியில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிட்டது.

அந்த வரைபடத்துக்குக் காரணம் ஒரு பதிப்பாளரின் வேண்டுகோள். 1967இல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் பார்னஸஸ் பிரஸ் என்ற சிறிய குழந்தை நூல் பதிப்பகத்தை நடத்திவந்த ஹெர்மன் ஷைன், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதித் தரும்படி லெ குவினைக் கேட்டார். கதைப்பொருளை அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். லெ குவின் அதுவரை பெரியவர்களுக்கு எழுதியவர். பிள்ளைகளுக்கென்று எழுதிப் பழகியிராததால் முதலில் தயங்கினார். பிறகு ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மெர்லினானாலும் காண்டால்ஃப் ஆனாலும், கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் வெண்தாடிக் கிழவர்கள். அவர்கள் பிறக்கும்போதே கிழவர்களாகப் பிறந்திருக்க முடியாது. பதினைந்து வயதில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? அந்த ஆபத்தான வித்தையை எங்கே, யாரிடம், எத்தனை தவறுகள் செய்து கற்றார்கள்? 1964இல் ‘ஃபென்டாஸ்டிக்’ இதழில் வெளிவந்த அவருடைய இரண்டு சிறுகதைகளில் ஏற்கெனவே தீவுகளும், பொருள்களின் உண்மைப் பெயரை அறிந்தால் அவற்றை ஆளலாம் என்ற விதியும் இருந்தன. அந்தக் கேள்வியும் இந்த விதியும் ஒன்றுசேர, 1968இல் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்ற நாவல் வெளிவந்தது.

இன்று மந்திரப் பள்ளிக்கூடம் என்றால் உலகெங்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று அப்படி இல்லை. ஹாரி பாட்டர் கதையின் முதல் நூல் வர இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. மிகுபுனைவு என்றால் சிறுவர் அலமாரிச் சரக்கு என்றும், வளர வளர விட்டுவிட வேண்டிய பழக்கம் என்றும் படித்தவர்கள் நினைத்த காலம். இப்படிப்பட்ட காலத்தில் ஓர் எழுத்தாளர், தன்னைத் தானே தேடிப் போகும் ஒரு பையனின் கதையை எந்த வயதினரும் மதித்துப் படிக்கும் நடையில் எழுதினார். அந்தத் துணிவின் வேர்கள் அவருடைய பிள்ளைப்பருவத்தில் இருக்கின்றன.

லெ குவின் 1929இல் பெர்க்லியில் பிறந்தார். தந்தை ஆல்ஃப்ரெட் குரோபர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறையை உருவாக்கியவர். அந்த மாநிலத்துப் பழங்குடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். தாய் தியடோரா பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுத்துக்கு வந்து பெயர் பெற்றவர். மூன்று அண்ணன்மாருக்குப் பின் பிறந்த கடைக்குட்டி அர்சுலா. ஆர்ச் தெருவில், பெர்னார்ட் மேபெக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மரவீடு அவர்களுடையது. கோடை வந்தால் குடும்பம் நாபா பள்ளத்தாக்கில் கிஷமிஷ் என்று பெயரிட்ட பண்ணைக்குப் போய்விடும். நாற்பது ஏக்கர் மேட்டு நிலம், பழைய வீடு, வெயில் தாழ்ந்த பின் முற்றத்தில் மூட்டும் நெருப்பு. அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தந்தை பழங்குடிக் கதைகளைச் சொல்வார். அவர் அவற்றைக் கேட்டது, அந்தக் கதைகளுக்கு உரியவர்களின் வாயிலிருந்தே.

அப்படிப்பட்டவர்களில் சிலர் கோடையில் பண்ணைக்கே வந்து தங்குவார்கள். பாப்பகோ இனத்தவரான ஹுவான் டொலோரஸும் யூரோக் இனத்தவரான ராபர்ட் ஸ்பாட்டும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் என்பதைவிட மாமன்மார் என்றே சொல்லவேண்டும். லெ குவினும் பிற்காலத்தில் அவர்களை அப்படித்தான் எழுதினார். அவர் நினைவில் தங்கிய காட்சிகளுள் ஒன்று சாப்பாட்டு மேசையில் நடந்தது. குரோபர் வீட்டில் சாப்பிடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யூரோக் மக்களின் பந்தி ஒழுக்கம் வேறு. யாராவது பேசினால் மற்றவர்கள் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். பிள்ளைகள் வாயில் உணவோடு ஏதாவது சொல்லத் தொடங்கியதும், ராபர்ட் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டுப் பேச்சு முடியும்வரை காத்திருப்பார். முடிந்ததும் எடுப்பார். உடனே இன்னொரு பிள்ளை பேசும், அவர் மறுபடி வைத்துவிடுவார். தங்கள் வீட்டு வழக்கம்தான் உலக வழக்கம் என்ற எண்ணம் அந்தச் சிறுமியிடம் இருந்திருந்தால், அந்த மேசையில் அது கலைந்திருக்கும். வேறுபாடு என்பது குறைபாடு அல்ல, இன்னொரு முழுமையான ஒழுங்கு என்ற பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, சாப்பிடும் இடத்திலேயே கற்ற பிள்ளை அவர்.

அந்த வீட்டில் அதிகம் பேசப்படாத ஒரு மனிதரும் உண்டு. யாஹி என்ற பழங்குடியில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். வெள்ளையர் குடியேற்றத்தின்போது நடந்த கொலைகளில் அவருடைய இனம் அழிந்தது. 1911 ஆகஸ்டில், பசியால் மெலிந்து, ஆரவில் என்ற ஊரின் ஓரத்தில் அவர் தனியாக வந்து நின்றார். அவரைச் சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து தங்க வைத்தவர்களில் குரோபர் முதன்மையானவர். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது அவர் மரபில் இல்லை. ஆகவே ‘மனிதன்’ என்று அவர் மொழியில் பொருள்படும் இஷி என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக்கினார். 1916இல் காசநோயால் இறக்கும்வரை அவர் தம் சொந்தப் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. இது நடந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் லெ குவின். தந்தை இஷியைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. தாய் தியடோரா அவர் வரலாற்றை எழுதத் தொடங்கிய பிறகுதான் மகளுக்கும் அது தெரியவந்தது. 1961இல் அந்த நூல் வெளிவந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது.

எர்த்ஸீயில் ஒருவரின் உண்மைப் பெயர் அவருடைய உயிருக்குச் சமம். அதைத் தெரிந்துகொண்டவர் அவரை ஆட்டிவைக்கலாம். ஆகவே எல்லாரும் வெளியே புழங்க ஒரு பெயரும், நெஞ்சுக்குள் மறைக்க ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். பெயரை வெளியே சொல்லாத வழக்கம் உலகின் பல பழங்குடிகளிடம் இருந்தது. லெ குவின் அதை இஷியிடமிருந்து நேரடியாக எடுத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரைக் காப்பதை மூடநம்பிக்கையாகப் பார்க்காமல், ஒரு மனிதரின் மானமாகப் பார்க்கும் கண் அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வாய்த்தது. நாவலில், மந்திரப் பள்ளி மாணவர்கள் தனிக் கோபுரம் ஒன்றில் தங்கிப் பொருள்களின் பழம்பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கடலின் பெயரைத் தெரிந்தால் போதாது. அதன் விரிகுடாக்கள், நீரிணைகள், பாறைகள் ஒவ்வொன்றின் பெயரும் தெரிய வேண்டும். பேசுவார் அற்றுப்போன மொழிகளின் சொற்களை ஏடு ஏடாக எழுதிச் சேர்த்த தந்தையின் உழைப்பை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபுரம் புதிய இடமாகத் தோன்றாது.

தந்தையிடமிருந்து வந்த இன்னொரு சொத்து, பண்டைச் சீன ஞானி லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங். அந்த நூலின் பழைய பதிப்பு ஒன்றை அவர் அடிக்கடி புரட்டுவார். தம் இறுதிச் சடங்கில் வாசிக்க வேண்டிய பகுதிகளைக் குறித்துக்கொண்டிருந்ததை மகள் பார்த்திருக்கிறார். ஒளியும் இருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, வலிந்து செய்வதைவிடச் செய்யாதிருப்பது பெரிய ஆற்றல் என்ற அந்த நோக்கு எர்த்ஸீ முழுவதிலும் ஓடுகிறது. லெ குவின் 1997இல் அந்நூலுக்குத் தம் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார்.

வீட்டுக்குள் இத்தனை உலகங்கள் இருந்தும், வீட்டுக்கு வெளியே அவர் ஒட்டாத பிள்ளைதான். பதினோரு வயதில் அறிவியல் புனைவு இதழ் ஒன்றுக்குக் கதை அனுப்பினார், அது திரும்பி வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கூச்சமும் தனிமையுமாக இருந்த அவருக்குப் பொது நூலகமே புகலிடம். பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் 1947இல் படிப்பை முடித்த அதே வகுப்பில் பிலிப் கே. டிக் என்ற மாணவரும் இருந்தார். பிற்காலத்தில் அமெரிக்க அறிவியல் புனைவின் இரு பெருந்தூண்களாகப் பேசப்பட்ட இருவரும் அந்தப் பள்ளியில் ஒருவரையொருவர் அறிந்திருக்கவே இல்லை. ஒட்டாத பிள்ளைகள் இன்னொரு ஒட்டாத பிள்ளையைக்கூடக் கண்டுகொள்ளாமல் வளர்ந்து போவது பள்ளிக்கூடங்களில் அன்றும் இன்றும் நடப்பதுதான்.

எர்த்ஸீயின் கதாநாயகனும் அப்படித்தான் தொடங்குகிறான். கோண்ட் என்ற மலைத்தீவில், ஆடு மேய்ப்பவர்கள் வாழும் உயரத்துச் சிற்றூரில் பிறந்தவன். ஒரு வயது நிறையும் முன்பே தாய் இறந்துவிட்டாள். தந்தை வெண்கலக் கொல்லர், பேச்சு குறைந்தவர். ஒருநாள் அத்தை கூரைமேல் ஏறிய ஆட்டை இறக்க ஏதோ சொற்களைச் சொல்வதைக் கேட்டு, பொருள் தெரியாமலே அவனும் தன் ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் ஓடி வருகின்றன. சத்தமே இல்லாமல் வந்து, மஞ்சள் கண்களால் அவனையே பார்த்துக்கொண்டு, அவனை நெருக்கிச் சூழ்கின்றன. அவன் சிரிக்கிறான், மறுபடி சொல்கிறான். அவை இன்னும் நெருங்குகின்றன. இப்போது பயம் வருகிறது. ஓடுகிறான். ஆடுகளும் கயிறு கட்டி இழுத்தாற்போல் அவனோடு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஆற்றல் இருப்பது முதலில் வேடிக்கையாகவும் அடுத்த நொடியே அச்சமாகவும் மாறும் இந்தக் காட்சியில், மேற்கொண்டு வரப்போகும் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பன்னிரண்டு வயதில், கடல் கடந்து வந்த கொள்ளைப் படையிடமிருந்து தன் ஊரை மூடுபனியால் மறைத்துக் காப்பாற்றுகிறான். அந்தச் செய்தி கேட்டு ஓஜியன் என்ற மூத்த மந்திரவாதி வந்து, அவனுக்குக் கெட் என்ற உண்மைப் பெயரைச் சூட்டித் தன்னோடு அழைத்துப் போகிறார். கெட் பெரிய வித்தைகளை எதிர்பார்த்து நடக்கிறான். ஓஜியனோ வழியில் ஒரு செடியைக் காட்டுகிறார். அதனால் என்ன பயன் என்று பையன் கேட்கிறான். தமக்குத் தெரிந்து ஒன்றுமில்லை என்கிறார். வேரையும் இலையையும் பூவையும் எல்லாப் பருவங்களிலும் பார்த்துப் பழகிய பிறகே அதன் உண்மைப் பெயரைக் கற்க வேண்டும் என்பது அவர் பாடம். மழை வருகிறது. மற்ற மந்திரவாதிகள் மேகத்தை அப்பால் தள்ளிவிடுவார்கள். ஓஜியன் மழையைப் பெய்ய விட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் புதருக்குள் நனைந்து சுருண்டு கிடந்து, ஆற்றலைப் பயன்படுத்தாதவருக்கு ஆற்றல் எதற்கு என்று எண்ணுகிறான். அந்தக் கேள்விக்கு விடை காண அவனுக்கு நாவல் முழுவதும் தேவைப்படுகிறது.

பொறுமையில்லாமல் அவன் ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே அவன் எல்லாரையும்விட வேகமாகக் கற்கிறான், ஆனால் எல்லாரையும்விட நாட்டுப்புறத்தான். ஜாஸ்பர் என்ற பெருங்குடிப் பிள்ளையின் நாகரிகமான பேச்சு ஒவ்வொன்றும் ஆட்டுக்காரப் பையனே என்று இடித்துக்காட்டுவதாக அவனுக்குத் தோன்றுகிறது. அந்தப் புண்தான் அவனைக் கெடுக்கிறது. தன்னை நிரூபிக்க, ஒரு கோடையிரவில் குன்றின்மேல் நின்று, நெடுங்காலம் முன்பு இறந்த அழகி ஒருத்தியை மரணத்திலிருந்து அழைக்கிறான். அவள் உருவம் ஒரு கணம் தெரிகிறது. அதற்குப் பின்னால் உலகத்தின் திரை கிழிந்து, உருவமில்லாத கருநிழல் ஒன்று வெளியே தாவி அவன் முகத்தைக் கிழிக்கிறது. கிழிசலை மூடப் பள்ளித் தலைவர் தம் ஆற்றலையெல்லாம் கொடுத்து இறந்துபோகிறார்.

மாதக்கணக்கில் நோயாய்க் கிடந்து எழுந்தவன், இடக்கன்னத்தில் தழும்போடும் திக்கும் நாவோடும், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. அப்போது வெட்ச் என்ற நண்பன், படிப்பு முடித்து ஊருக்குப் புறப்படும் முன் அவனைப் பார்க்க வருகிறான். பேச்சு முடிந்து எழும் நேரத்தில், கேட்காமலே, தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். யாரும் நம்பாத ஒருவன் கையில் தன் உயிரைக் கொடுப்பது அது. கெட்டும் தன் பெயரைச் சொல்கிறான். இந்த நாவலின் மந்திரங்களுள் பெரியது எது என்று கேட்டால், கோலும் மந்திரச்சொல்லும் இல்லாமல் அந்த அறையில் இரு பையன்கள் செய்துகொண்ட இந்தப் பரிமாற்றத்தையே சொல்லலாம்.

பள்ளியை விட்டு வெளியேறும் நாளில் வாயில்காப்பவரின் பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும். மந்திரத்தாலும் தந்திரத்தாலும் அதை அறிய முடியாது என்று நெடுநேரம் யோசித்துத் தெளிந்த கெட், கடைசியில் அவரிடமே பெயரைக் கேட்கிறான். அவர் புன்னகைத்துச் சொல்கிறார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பதும் ஒரு கல்வி என்பதை ஆணவத்தால் விழுந்தவன் அங்கே கற்கிறான்.

ஆனாலும் நிழல் விடவில்லை. படகு கட்டும் நண்பன் ஒருவனின் குழந்தை சாகக் கிடக்கும்போது, அதைத் திருப்பிக் கொண்டுவரக் கெட் மரணத்தின் சரிவில் பின்தொடர்ந்து ஓடுகிறான். குழந்தை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் நிழல் காத்து நிற்கிறது. உணர்வற்றுக் கிடந்த அவனை மீட்பது, அவன் தோளில் எப்போதும் ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு காட்டுப் பிராணி. அது அவன் முகத்தை நக்கி நக்கித் தன் உடற்சூட்டுக்கு அவனை அழைக்கிறது. பிறகு பெண்டார் தீவின் கிழட்டு டிராகன், நிழலின் பெயரைச் சொல்கிறேன், பேரம் பேசுவோமா என்று கேட்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி. ஆனால் தான் காக்க வந்த தீவு மக்களின் பாதுகாப்பை விலையாகக் கேட்கும் வழி. கெட் டிராகனை மக்கள் பக்கமே திரும்பாதபடி சத்தியத்தால் கட்டிவிட்டு, பெயர் தெரியாமலே திரும்புகிறான்.

ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் பருந்து உருவில் ஓஜியனின் கையில் வந்து விழுகிறான். ஓஜியன் சொல்லும் வழி ஒன்றுதான்: திரும்பி நில், உன்னை வேட்டையாடுவதை நீ வேட்டையாடு. அன்றிலிருந்து கதை திசை மாறுகிறது. ஓடுவது நிழல், துரத்துவது கெட். வெட்ச் மீண்டும் துணைக்கு வர, இருவரும் ஒரு சிறு படகில் வரைபடத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டிப் போகிறார்கள். கடல் மணலாக உறைந்துபோன ஓர் இடத்தில் கெட்டும் நிழலும் எதிரெதிரே வருகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது கெட்டின் பெயர். யாரும் யாரையும் வெல்லவில்லை. தன் இருட்டுக்குத் தன் பெயரையே சூட்டியதால் அவன் முழு மனிதன் ஆனான்.

ஆய்வாளர்கள் இந்த முடிவை உளவியலாளர் கார்ல் யுங்கின் நிழல் கோட்பாட்டோடு உடனே இணைத்தார்கள். ஆனால் நாவலை எழுதும்போது லெ குவின் யுங்கைப் படித்திருக்கவில்லை. பின்னர் படித்து, வியந்து, குழந்தைகளுக்கான கதைகளில் தீமையைக் காட்டுவது பற்றி 1970களில் ஒரு கட்டுரை எழுதினார். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று பிரித்துக் கடைசியில் ஒரு பக்கத்தைக் கொன்றுபோடும் கதை வளரும் பிள்ளைக்கு உதவாது என்பது அவர் உறுதி. தன்னிடமுள்ள பொறாமையும் ஆத்திரமும் வெளியே நிற்கும் எதிரியல்ல என்று தெரிந்துகொள்ளும் வயது அது. அந்த வயதுக்கு இந்த நாவல் நேர்மையாகப் பேசியது.

வேறுபட்டிருத்தல் என்பது இந்த நாவலில் இன்னொரு விதத்திலும் உண்டு. கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெட்ச் கறுப்பன். தீவுக்கூட்டத்தின் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்புமான மக்கள். கொள்ளையடிக்க வந்த கார்க் வீரர்கள்தான் வெள்ளையர். 1968இல், அமெரிக்காவில் ஒரு மிகுபுனைவு நாயகன் வெள்ளையனாக இருப்பான் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. லெ குவின் இதைத் திட்டமிட்டே மாற்றினார், ஆனால் முரசறையவில்லை. கெட்டின் தோல் நிறம் கதை கொஞ்ச தூரம் போன பிறகே போகிற போக்கில் தெரியவரும். அதற்குள் எந்த நிறத்துப் பிள்ளையும் அவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்திருக்கும். பார்னஸஸ் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டைப்படத்தில் கெட்டின் முகம் செம்பு நிறத்திலேயே இருந்தது. பின்னால் வந்த பதிப்புகள் பலவற்றில் அந்த முகம் வெளுத்துப்போனது. கறுப்பு முகம் போட்டால் புத்தகம் விற்காது என்பது அன்றைய விற்பனைப் பிரிவுகளின் நம்பிக்கை. லெ குவின் ஒவ்வொரு பதிப்பிலும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

2004இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எர்த்ஸீயைக் குறுந்தொடராக எடுத்தபோது கெட்டாக நடித்தவர் வெள்ளையர். ஓஜியனாகக் கறுப்பின நடிகர் டேனி குளோவர் நடித்தது ஒன்றுதான் ஆறுதல். படத் தயாரிப்பில் தமக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதையும், நிறம் அந்தக் கதைக்கு ஏன் உயிர்நாடி என்பதையும் லெ குவின் ஒரு பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். தங்களைப் போன்ற தோற்றமுள்ள ஒருவன் நாயகனாக வரும் மிகுபுனைவை முதன்முதலாக அவர் நூலில்தான் கண்டதாக இளம் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் அவரிடம் இருந்தன. அந்த வாசகர்களுக்கு அட்டையில் இருந்த முகம் அலங்காரமல்ல, இந்தக் கதை எனக்கும்தானா என்ற கேள்விக்கான பதில். ஆகவே அவர் கோபம் முழுக்க நியாயமானது.

பிறருடைய வேறுபாட்டை இவ்வளவு கூர்ந்து பார்த்த நாவல், ஒரு பக்கத்தைப் பார்க்கத் தவறியிருந்தது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கொடியது என்று ஊரார் பழமொழி சொல்கிறார்கள். கதையும் அதை மறுக்கவில்லை. கெட்டுக்கு முதல் மந்திரத்தைக் கற்பித்த அத்தை, அற்ப சூனியக்காரியாகவே நின்றுவிடுகிறாள். வீரக் கதை என்றால் ஆண் நாயகன் என்று தலைமுறை தலைமுறையாக வந்த வார்ப்பில் தாமும் எழுதிவிட்டதை லெ குவின் மெல்ல மெல்ல உணர்ந்தார். 1971இல் வந்த ‘தி டூம்ஸ் ஆஃப் அடுவான்’ டெனார் என்ற பெண்ணின் கதையானது. 1972இல் வந்த ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. பிறகு நீண்ட இடைவெளி. பெண்ணியச் சிந்தனையைக் கற்று, தம் எழுத்தையே மறுபடி விசாரித்து, 1990இல் ‘டெஹானு’ நாவலைக் கொண்டுவந்தார். அதில் மையம் நடுவயதுக் குடியானவப் பெண்ணாகிவிட்ட டெனாரும், தீயில் தள்ளப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியும். தீவுகள் அதே தீவுகள்தான். பார்க்கும் இடம் மட்டும் அடுப்படிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் மாறியிருந்தது. இந்த மாற்றத்தைப் பற்றி 1992இல் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். முதல் நூல்களை அவர் திருத்தி எழுதவில்லை, ஒதுக்கவும் இல்லை. தாம் விட்ட இடத்தைச் சுட்டிக்காட்டி, அங்கிருந்து மேலே கட்டினார்.

கெட்டும் இந்தப் பிற்கால நூல்களில் மாறுகிறான். உலகைக் காக்கும் கடைசிப் போரில் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்து, ‘டெஹானு’வில் வெறும் மனிதனாக ஊர் திரும்புகிறான். ஒரு காலத்தில் தலைமை மந்திரவாதியாக இருந்தவன் அரசனின் தூதர்களைச் சந்திக்கக் கூசி, மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். திறமைதான் தன் முகவரி என்று எண்ணி வாழ்ந்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் வலிக்கும். ஆனால் லெ குவின் அவனை அந்த வலியிலேயே விட்டுவிடவில்லை. டெனாரோடு வீடும் காதலும் அமைகின்றன. 2001இல் வந்த ‘தி அதர் விண்ட்’ நாவலில் எழுபதை எட்டிய அவன், ஓஜியனின் பழைய வீட்டில் தோட்டமும் ஆடுகளுமாக நிறைவாக வாழ்கிறான். உதவி தேடி வருபவனுக்கு மந்திரம் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை; கேட்கக் காதும் சொல்ல அனுபவமும் இருக்கின்றன. ஓஜியன் ஏன் மழையை விரட்டாமல் படுத்திருந்தார் என்பது இப்போது அவனுக்குப் புரிகிறது.

லெ குவின் 2018 ஜனவரியில், 88ஆம் வயதில் போர்ட்லண்டில் காலமானார். அந்த ஆண்டே, முதல் நாவலின் பொன்விழாவை ஒட்டி, எர்த்ஸீ கதைகள் அனைத்தும் சார்ல்ஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு ஒரே பெரும் தொகுதியாக வெளிவந்தன. அந்த ஓவியங்களுக்காக இருவரும் நான்கு ஆண்டுகள் கூடி உழைத்திருந்தார்கள். கெட்டின் இறுதி நாட்களைச் சொல்லும் கடைசிச் சிறுகதையும் அதில் சேர்ந்தது. பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு மனிதனின் முழு வாழ்க்கையை லெ குவின் தம் வாழ்நாளின் ஐம்பது ஆண்டுகளில் எழுதி முடித்த அரிய சாதனை அது. மற்றவர்போல் இல்லையே என்று குமைந்த பையன், மற்றவரைவிட மேலானவன் என்று காட்டப்போய் விழுந்து, தன் நிழலைத் தன்னுடையதென ஏற்று எழுந்து, பெரும்பதவி கண்டு, பதவியும் ஆற்றலும் போன பிறகும் தானாகவே இருக்கக் கற்றான். தன்னை அறிதல் ஒரு கோடைகாலச் சாகசத்தில் முடிந்துவிடுவதில்லை என்பதையும், வேறுபட்டிருப்பது வெல்லவேண்டிய குறையோ காட்டிக்கொள்ளவேண்டிய பெருமையோ அல்ல என்பதையும் இவ்வளவு பொறுமையாகச் சொன்ன மிகுபுனைவு வேறொன்றைக் காண்பது கடினம்.